கதவைத் திறந்தது யார்?

(தலைப்பு: குடும்ப ரகசியம் – மூடி வைப்பதே மரியாதை! சொல்லி விடுவதே நிம்மதி! ‘சொல்லி விடுவதே நிம்மதி’ அணியில் மூன்றாவதாகப் பேசிய, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சொல்லி விடுவதே நிம்மதி என்று துணிந்து சொல்ல வந்திருக்கிற என் அணித் தலைவர் அவர்களே! மூடி வைப்பதே மரியாதை என்று பேச வந்து, பேச்சு வேகத்திலே தங்கள் வீட்டு ரகசியம் நாலைந்தை இந்த மேடையிலேயே போட்டு உடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) இங்கே கூடியிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே!

நான் பள்ளிக்கூடத்து டீச்சர். டீச்சர்னு சொன்னதுமே நடுவர் மணியைக் கிட்ட இழுத்து வச்சுக்கிட்டார். (சிரிப்பு) பயப்படாதீங்கய்யா. முப்பத்தஞ்சு வருசம் நாற்பத்தஞ்சு நிமிசத்துல மணி அடிச்சதும் நிறுத்திப் பழகினவ நான். இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு பேய்க் கதை. குழந்தைங்க பயப்பட வேண்டாம். பெரியவங்க கொஞ்சம் பயந்துக்கலாம்.

எதிரணித் தலைவர் ரொம்ப அழகா ஒரு வாதம் வச்சார். ‘‘சந்திரமுகி படம் பார்த்தீங்களா? பூட்டின அறையைத் திறக்காதேன்னு எல்லாரும் சொன்னாங்க. திறந்தாங்க. என்ன ஆச்சு? வீடே ஆடிப்போச்சு. ரகசியமும் அப்படித்தான். பூட்டு பூட்டாவே இருக்கட்டும்’’ அப்படின்னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். வாதம் நல்லாத்தான் இருந்தது. ஆனா படத்தை ஐயா பாதியிலே எழுந்து வந்துட்டார் போலிருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

2005-ல வந்த சந்திரமுகிக்கு மூலம் எது? 1993-ல ஃபாசில் டைரக்ட் பண்ணின மலையாளப் படம் மணிச்சித்திரத்தாழ். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அந்தப் படத்துல கங்காவுக்குச் சீக்கு அந்த அறையிலேருந்தா வந்தது? இல்லை. அது சின்ன வயசிலேயே வந்தாச்சு. அப்பா அம்மா கல்கத்தாவுல. பிள்ளை பாட்டி வீட்டுல. பரீட்சை எழுதப் போற நேரத்துல, ‘கிளம்பு, பாட்டியை விட்டுட்டு எங்களோட வா’ன்னு கூப்பிட வந்தாங்க. அந்த அதிர்ச்சி உள்ளே உறைஞ்சு போச்சு. டாக்டர் எப்படிக் குணப்படுத்தினார்? அறையைத் திரும்பப் பூட்டியா? இல்லைங்க. அவ பிறந்த ஊருக்கே போய், மறைஞ்சு கிடந்த பழைய கதையைத் தோண்டி எடுத்துத்தான் குணப்படுத்தினார். ஆக, சந்திரமுகி எங்க கட்சி! (பலத்த கைதட்டல்)

சரி, சினிமா போகட்டும். என் கதைக்கு வர்றேன். இது என் சொந்தக் கதை.

எங்க அம்மா பிறந்த வீடு வத்திராயிருப்புப் பக்கம். அந்த ஊர் பேரைச் சொன்னாலே நம்ம தாய்மார்களுக்கு ஒரு கதை ஞாபகம் வரும். பக்கத்துல அர்ச்சுனாபுரம். நல்லதங்காள் கோவில் இருக்கிற ஊர். பஞ்சத்துக்கு அண்ணன் வீடு தேடி வந்தவ, அண்ணி மூளி அலங்காரி விரட்டினதும் ஏழு பிள்ளைகளோட கிணத்துல விழுந்த கதை. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க அம்மாச்சி அந்தக் கதையைப் பாதி சொல்லுவா. மூளி அலங்காரி வாசல் கதவைச் சாத்துற இடம் வந்ததும் நிறுத்திருவா. ‘‘போதும், தூங்கு’’ம்பா. ஏன் அந்த இடத்துல மட்டும் நிறுத்துறான்னு அப்ப எனக்குப் புரியலை.

அம்மாச்சி வீட்டுல உள்ளே ஒரு அரங்கு உண்டு. அரங்குன்னா இந்த மாதிரி மேடை இல்லை. நெல்லு, புளி, கருப்பட்டி, பாத்திரம் எல்லாம் போட்டு வைக்கிற உள்ளறை. ஜன்னல் கிடையாது. பகல்லயே விளக்கு வேணும். அதுல ஒரு மூலையில மண் மேடை. மேடை மேல ஒரு ஓலைப்பெட்டி. பெட்டிக்குள்ளே ஒரு சிற்றாடை, கண்ணாடி வளையல், ஒரு சிவப்பு ரிப்பன். அதுதான் எங்க வீட்டுக் கன்னி.

தெக்கத்தி மக்களுக்கு இது தெரியும். கல்யாணம் ஆகாம ஒரு பொண்ணு செத்துப்போனா, அவளை வீட்டுத் தெய்வமா வச்சுக் கும்பிடுவாங்க. வருசத்துக்கு ஒரு தரம் புதுச் சிற்றாடை எடுத்து வச்சுப் படையல் போடுவாங்க. வீட்டுல கல்யாணம் காட்சின்னா முதல் துணி கன்னிக்குத்தான். எங்க வீட்டுக் கன்னி, தாத்தாவோட தங்கச்சி. 1934-ல பதினாறு வயசுல போயிட்டா. ‘‘எப்படிப் போனா?’’ன்னு கேட்டா, ‘‘உச்சி வேளையில கிணத்தடிக்குப் போனா. காட்டேரி அடிச்சுருச்சு. மூணே நாள் காய்ச்சல்’’னு சொல்லுவாங்க. ‘‘அவ பேரு என்ன?’’ன்னு கேட்டா அடி விழும். பேரே சொல்ல மாட்டாங்க. கன்னி, அவ்வளவுதான்.

இப்பத்தான் பேய் வருது. கவனமாக் கேளுங்க. (சிரிப்பு)

அந்த அரங்குக் கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாதாங்கி தெரியாது. கதவுல தொங்குற இரும்புச் சங்கிலி. அதைத் தூக்கி நிலையில இருக்கிற கொக்கியில மாட்டினாக் கதவு நிக்கும். பூட்டு சாவி எதுவும் கிடையாது. தினமும் பொழுது சாய்ஞ்சதும் கன்னிக்கு விளக்கு வச்சிட்டு, நாதாங்கியை மாட்டிருவாங்க. கதவு முன்னாடி ஒரு செம்புல தண்ணி வைப்பா எங்க அம்மாச்சி. ‘‘கன்னிக்கு ராத்திரி தாகம் எடுக்கும்’’ம்பா. நடுச்சாமத்துல, எல்லாரும் தூங்கினப்புறம், சலங்... சலங்... சலங்னு ஒரு சத்தம் கேட்கும். கொலுசு போட்டுக்கிட்டு யாரோ நடக்கிற மாதிரி. காலையில எழுந்து பார்த்தா நாதாங்கி கழண்டு தொங்கும். கதவு திறந்து கிடக்கும்!

ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, தினமும்! வீட்டுல ஒருத்தரும் அதைப்பத்திப் பேச மாட்டாங்க. ‘‘கன்னி நடமாடுது’’ன்னு விட்டுருவாங்க. எங்க மாமா ஒரு தரம், ‘இது என்னடா தொல்லை, எலி வந்து நெல்லைத் திங்குது’ன்னு ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டு வாங்கிட்டு வந்து மாட்டினார். மாட்டின நாலாவது நாள் அம்மாச்சி காய்ச்சல்ல படுத்துட்டா. சோறு இறங்கலை. தூக்கத்துல என்னென்னமோ புலம்புறா. கோடாங்கிக்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் உடுக்கை அடிச்சு, ‘‘கன்னியைப் பூட்டி வச்சுட்டீங்க, அவ கோபமா இருக்கா’’ன்னுட்டார். மாமா அன்னைக்கே பூட்டைக் கழட்டினார். மறுநாள் அம்மாச்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிச்சா. அப்புறம் எவன் பூட்டுவான்?

1966 கோடை லீவு. எனக்கு ஒன்பது வயசு. ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னு எழுந்தேன். பக்கத்துல அம்மாவை எழுப்பினேன், எழுந்திரிக்கலை. தனியாப் போனேன். அந்தச் சத்தம். சலங்... திரும்பிப் பார்த்தேன். அரங்குக் கதவு முன்னாடி வெள்ளைச் சேலை. அவிழ்ந்த தலைமுடி. கதவைப் பார்த்துக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. அசையலை. நான் வந்த காரியத்துக்குக் கொல்லைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. (பலத்த சிரிப்பு) ஓடிவந்து போர்வைக்குள்ளே புகுந்தவதான். ஒரு வாரம் காய்ச்சல். பதிமூணு வருசம், நான் பேயைக் கண்ணால பார்த்தவ. பி.எஸ்ஸி. படிச்சேன், பி.எட். படிச்சேன். பகல்ல பேய் இல்லைன்னு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். ராத்திரி லைட்டை அணைக்க மாட்டேன். (சிரிப்பு)

நடுவர்: படிச்ச சர்டிபிகேட் எல்லாம் பகலுக்கு மட்டும்தான் செல்லும் போல! (சிரிப்பு)

ஆமாய்யா, ராத்திரிக்குத் தனி சர்டிபிகேட் வேணும்! இப்ப 1979-க்கு வர்றேன். சிரிப்பு இத்தோட போதும்.

மாமா மகளுக்கு அப்போ பதினெட்டு வயசு. அவ ஒரு பையனை விரும்பினா. வேற ஆளுக பையன். விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க மாமா கெட்டவர் இல்லைங்க. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தவர். ஆனா அன்னைக்கு அவர் கண்ணு வேற மாதிரி இருந்தது. பெல்ட்டால அடிச்சார். இழுத்துட்டுப் போய் அந்த அரங்குக்குள்ளே தள்ளினார். நாதாங்கியை மாட்டினார். ‘‘எவளாவது கதவைத் திறந்தீங்க, வெட்டிப்புடுவேன். புத்தி வர்ற வரைக்கும் பச்சத்தண்ணி கிடையாது’’ன்னார். நான் அப்போ பக்கத்து ஊர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசு. லீவுக்கு அங்கே வந்திருந்தேன். அத்தை அடுப்படியில அழுதா. நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். சித்திரை மாசம். ஜன்னல் இல்லாத அறை. உள்ளேருந்து அந்தப் பிள்ளை கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. பொழுது சாய சாயத் தட்டுற சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்தது.

நடுச்சாமம். சலங்... சலங்... அதே சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது. மாமா எழுந்துட்டார். டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடினார். நானும் பின்னாடியே ஓடினேன். டார்ச் வெளிச்சத்துல அதே வெள்ளைச் சேலை. அதே அவிழ்ந்த தலைமுடி. கையில நாதாங்கிச் சங்கிலி. திரும்பிப் பார்த்தது. எங்க அம்மாச்சி!

‘‘அம்மா, நீ இங்க என்ன பண்ற?’’ன்னு மாமா கத்துறார். அம்மாச்சி பதறலை. ரொம்ப அமைதியாச் சொன்னா: ‘‘நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி எடுத்திருக்க வேண்டிய நாதாங்கிடா இது. அன்னைக்கு எடுக்கலை. அதான் அன்னையிலேருந்து தினமும் எடுக்கேன்.’’

(அரங்கத்தில் அமைதி)

அப்புறம் அந்த வாசப்படியிலேயே உட்கார்ந்து சொன்னா. எங்க வீட்டுக் கன்னியைக் காட்டேரி அடிக்கலை. கிணத்தடிக்கே அவ போகலை. அவளுக்கு அண்ணன்தான், அதாவது எங்க தாத்தாதான், ஆசை ஆசையா எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கார். அந்த எழுத்தை வச்சு அவ ஒரு பையனுக்கு ஒரு காகிதத்துல ரெண்டு வரி எழுதிட்டா. காகிதம் பெரியவர் கையில சிக்கிருச்சு. அப்பவே அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சலோட கொண்டுபோய் அரங்குல போட்டு நாதாங்கியை மாட்டிட்டாங்க. இதே சித்திரை மாசம். சோறு இல்லை, தண்ணி இல்லை. அம்மாச்சி அப்போ வாக்கப்பட்டு வந்து ஆறு மாசம் ஆன புதுப்பொண்ணு. அவளுக்கும் அதே பதினாறு வயசு. அரங்குக் கதவுக்கு வெளியே படுக்கணும்னு மாமியார் உத்தரவு.

‘‘மொத ராத்திரி பூரா தட்டினா. ‘மதினி, கதவைத் தெறங்க மதினி. தண்ணி மட்டும் தாங்க மதினி’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. ரெண்டாம் ராத்திரி சத்தமாக் கூப்பிடலை. கதவு இடுக்குல வாயை வச்சு, மதினி மதினின்னா. பூட்டா இருந்துச்சு? சாவியா இருந்துச்சு? கையைத் தூக்கினா எடுத்திருக்கலாம். பயந்துட்டேன். என்னை அத்துவிட்டுருவாங்களோன்னு பயந்துட்டேன். காதைப் பொத்திக்கிட்டுப் படுத்துட்டேன். மூணாம் நாள் காலையில தெறந்தாங்க. கதவுக்கிட்டயே கெடந்தா.’’

இதுதான் எங்க அம்மாச்சி சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு. இப்பப் புரியுதுங்களா, கதவு முன்னாடி ஏன் ஒரு செம்புத் தண்ணி? பூட்டு மாட்டினதும் ஏன் அம்மாச்சிக்குக் காய்ச்சல்? நல்லதங்காள் கதையிலே ஏன் அந்த இடம் வந்ததும் நிறுத்தினா? எங்க வீட்டுல பேயே கிடையாதுங்க. நாப்பத்தஞ்சு வருசமா நடுச்சாமத்துல எழுந்து, செத்துப்போன நாத்தனாருக்குக் கதவு திறந்துவிட்டுக்கிட்டிருந்த ஒரு பொம்பளைதான் இருந்தா. அவ்வளவு பேர் இருந்த வீட்டுல, அது அவதான்னு ஒருத்தருக்கும் தெரியலை. ஏன்? யாரும் எழுந்து பார்க்கலை. பார்த்தா ரகசியம் வெளியே வந்துரும். அதைவிடப் பேய்னு நம்புறது சுலபம்!

எதிரணியிலே ஒரு சகோதரி கேட்டாங்க: ‘‘செத்தவங்களைத் தெய்வமா வச்சுக் கும்பிடுறோமே, அதைவிட மரியாதை உண்டா?’’ சகோதரி, கும்பிடுறது தப்புன்னு நான் சொல்லலை. இன்னைக்கும் நான் எங்க வீட்டுக் கன்னியைக் கும்பிடுறேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன். ஒரு பொண்ணுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னா வேப்பிலையோட உட்கார்ந்து முதல்ல என்ன கேட்கிறோம்? ‘நீ யாரு? உனக்கு என்ன வேணும்?’ புடவை வேணுமா, வளையல் வேணுமா, படையல் வேணுமா, எது கேட்டாலும் கொடுக்கிறோம். உயிரோட இருந்தப்ப அந்தப் பொண்ணுகிட்ட ‘உனக்கு என்ன வேணும்’னு ஒருத்தராவது கேட்டோமா? (கைதட்டல்) செத்தப்புறம் பட்டுப் பாவாடை. இருந்தப்ப ஒரு வாய் தண்ணி இல்லை. இதுவாய்யா மரியாதை? (பலத்த கைதட்டல்)

அதுமட்டுமில்லை. மூடி வைக்கிற ரகசியம் யார் மேல பழி போடுதுன்னு பாருங்க. திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி கதை எல்லாருக்கும் தெரியும். எழுபது வேளாளர்கள் கொடுத்த வாக்குக்காகத் தீயில இறங்கின கதை. அவங்க வாக்கு தவறாமையைப் பாராட்டுறோம், பாராட்டத்தான் வேணும். ஆனா நீலி யாரு? முற்பிறவியிலே கட்டின புருசனாலேயே கொலை செய்யப்பட்ட பொண்ணு. கொன்னவன் பேர் நமக்கு ஞாபகம் இருக்கா? இல்லை. செத்தவ பேரை மட்டும் மறக்காம வச்சு, பொய்யா அழுதா ‘நீலிக் கண்ணீர்’ங்கிறோம். கொலையுண்டவள் கண்ணீர் பொய்க் கண்ணீர்! எங்க வீட்டுலயும் அதே கதைதான். கொன்னது மனுசங்க. பழி காட்டேரி மேல. பாவம், காட்டேரிக்கு வக்கீல் கிடையாது! (சிரிப்பு, கைதட்டல்)

இதெல்லாம் பழங்காலம்னு நினைக்காதீங்க. காட்டேரி போச்சு, அதுக்குப் பதிலா வேற வார்த்தை வந்துருச்சு. நாமெல்லாம் பேப்பர்ல படிச்சு வளர்ந்த வரிதானே: ‘தீராத வயிற்று வலி காரணமாக இளம்பெண் தற்கொலை.’ ‘ஸ்டவ் வெடித்து மருமகள் சாவு.’ மாமியார் சமைக்கிறப்ப வெடிக்காத ஸ்டவ், மருமகள் சமைக்கிறப்ப மட்டும் வெடிக்கும்! (கைதட்டல்) இந்த ரகசியத்தை உடைக்கச் சட்டமே வர வேண்டியிருந்தது. 1986-ல இந்தியத் தண்டனைச் சட்டத்துல 304பி-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. கல்யாணமாகி 7 வருசத்துக்குள்ளே ஒரு பொண்ணு தீக்காயத்தாலோ, வேற சந்தேகமான முறையிலோ செத்தா, சாவுக்குக் கொஞ்சம் முன்னால வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தா, அது வரதட்சணைச் சாவு. 2024 ஜூலையிலேருந்து அது புதுச் சட்டத்துல 80-வது பிரிவு. 7 வருசத்துக்குள்ளேன்னா நம்ம ஊர்ல ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வர்றார். ஏன்? ‘எங்க வீட்டு விஷயம், நாங்க பார்த்துக்கிறோம்’னு குடும்பம் சொன்னா அதை அப்படியே நம்பக்கூடாதுன்னு சட்டத்துக்கே புரிஞ்சு போச்சு!

இன்னும் ஒண்ணு. 2003-ல விருத்தாசலம் பக்கத்துல, சாதி விட்டுச் சாதி கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரு சின்னஞ்சிறு ஜோடியை விஷம் கொடுத்துக் கொன்னாங்க. ஊரே பார்த்தது. கடலூர் கோர்ட்டுல தீர்ப்பு வந்தது எப்போ? 2021-ல. 18 வருசம்! பொண்ணைப் பெத்த அப்பா, கூடப் பிறந்த அண்ணன் எல்லாம் குற்றவாளிகள். வழக்கைச் சரியா நடத்தாம மறைச்ச போலீஸ்காரங்களும் அதுல தண்டனை வாங்கினாங்க. குடும்ப மானம்னு மூடி வைக்கிறதுக்கு எத்தனை பேர் சேர்ந்து கதவைப் பிடிக்க வேண்டியிருக்குன்னு பாருங்க.

நடுவர் அவர்களே, நான் ஒருதலையாப் பேச விரும்பலை. எல்லா ரகசியத்தையும் மைக் போட்டுச் சொல்லணும்னு எங்க அணி சொல்லலை. பக்கத்து வீட்டு அம்மா தன் நோயைப்பத்தி என்கிட்ட நம்பிச் சொன்னா, அது என்னோட மண்ணுக்குப் போகும். ஒரு பொண்ணு தனக்கு நடந்த கொடுமையை யார்கிட்ட சொல்றது, எப்போ சொல்றதுங்கிறது அவ உரிமை. அதை நான் சொல்லக்கூடாது. அப்போ எதைச் சொல்லணும், எதை மறைக்கணும்? அதுக்கு எங்க அம்மாச்சி எனக்குக் கொடுத்துட்டுப் போன அளவுகோல் ஒண்ணு இருக்கு. ஒரே கேள்விதான். இந்த ரகசியம் யாரைக் காப்பாத்துது? அடிபட்டவங்களைக் காப்பாத்துதுன்னா, உயிரைக் கொடுத்தாவது மறைங்க. அடிச்சவனைக் காப்பாத்துதுன்னா, உயிரே போனாலும் சொல்லுங்க! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியில கை வச்சுட்டார். அந்த ராத்திரி என்ன நடந்ததுன்னு சொல்லி முடிச்சிடுறேன்.

அம்மாச்சி சொல்லி முடிச்சா. மாமா அந்த டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டே தரையில உட்கார்ந்துட்டார். அம்மாச்சி அவரைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டா: ‘‘நாளைக்கு இவளுக்கும் ஒரு ஓலைப்பெட்டி முடையணுமாடா?’’ மாமா பதில் சொல்லலை. அம்மாச்சி எழுந்து, நாதாங்கியை எடுத்து, கதவைத் தள்ளினா. உள்ளே அந்தப் பிள்ளை சுருண்டு கிடந்தா. உயிர் இருந்தது. தினமும் கன்னிக்குன்னு வைக்கிற அந்தச் செம்புத் தண்ணியை எடுத்து, அம்மாச்சி தன் கையாலேயே அவளுக்குப் புகட்டினா. நாப்பத்தஞ்சு வருசம் பிந்திப் போன தண்ணி, அன்னைக்கு ஒரு வாய்க்குள்ளே போச்சு.

மாமா உடனே திருந்தி, கைகூப்பி, கல்யாணம் பண்ணி வச்சார்னு சொன்னா அது சினிமா. அவர் ரெண்டு வருசம் மகளோட முகம் கொடுத்துப் பேசலை. அவ எங்க வீட்டுல இருந்து டீச்சர் டிரெயினிங் படிச்சா. அப்புறம் அந்தப் பையனையே கட்டிக்கிட்டா. மாமா கல்யாணத்துக்கு வரலை. முதல் பிள்ளை பிறந்தப்ப வந்தார். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு, அப்புறம் உள்ளே வந்தார். ஆனா ஒண்ணு. அந்த ராத்திரிக்கு அப்புறம் அந்தக் கதவுக்கு அவர் நாதாங்கி மாட்டவே இல்லை. கொல்லனைக் கூப்பிட்டுச் சங்கிலியையே கழட்டிட்டார்.

அம்மாச்சி அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம் இருந்தா. 1994-ல போனா. அந்தப் பதினஞ்சு வருசமும் ராத்திரி எழுந்திரிக்கலைங்க. படுத்தா விடியற வரைக்கும் தூக்கம். எங்க வீட்டுல பேய்ச் சத்தம் நின்னு போச்சு. எந்த மந்திரவாதியும் ஓட்டலை. ஒரு கிழவி தன் தப்பைத் தன் வாயால சொன்னா, அவ்வளவுதான்! (கைதட்டல்)

இன்னொண்ணும் நடந்தது. அன்னைக்கு ராத்திரிதான் முதல் தடவையா அம்மாச்சி கன்னியோட பேரைச் சொன்னா. நாப்பத்தஞ்சு வருசமா அந்த வீட்டுல யார் வாயிலயும் வராத பேரு. அடுத்த ஆடிப் படையல்ல, ‘கன்னித் தாயே’ன்னு கும்பிடாம, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிட்டோம். என்ன பேருன்னு நீங்க கேட்பீங்க. மேடையில சொல்ல மாட்டேன். ஏன்னா அந்தப் பேரை மாமா மகள் தன் மூத்த பொண்ணுக்கு வச்சுட்டா. அந்தப் பொண்ணு இன்னைக்குக் கைநிறையச் சம்பாதிச்சுக்கிட்டு, தன் வீட்டுச் சாவியைத் தன் கைப்பையிலேயே வச்சுக்கிட்டு நடமாடுறா. (கைதட்டல்)

வீட்டுக்குப் போய் உங்க வீட்டுப் பெரியவங்க பக்கத்துல பத்து நிமிசம் உட்காருங்க. ராத்திரி தூங்காம யார் புரண்டு படுக்கிறாங்கன்னு பாருங்க. ‘உனக்கு என்ன வேணும்’னு அவங்க உயிரோட இருக்கும்போதே கேளுங்க. நாதாங்கி எப்பவும் வெளிப்பக்கம்தான் இருக்கு. உள்ளே இருக்கிறவங்களால திறக்க முடியாது. வெளியே இருக்கிற நாமதான் எடுத்துவிடணும். ஆகவே, குடும்ப ரகசியத்தைச் சொல்லி விடுவதே நிம்மதி, சொல்லி விடுவதே நிம்மதி என்று கூறி முடிக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)